மாதிரியும் மூட்டையும்

போடிநாயக்கனூரில் கைமாறும் ஏலக்காயில் பெரும்பகுதி போடியில் விளைந்ததல்ல. போடிமெட்டுக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்து மலைகளில் விளைந்து, அங்கேயே காய்ந்து, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கி வருகிறது. விளைவிப்பவர் ஒரு மாநிலத்துக்காரர், வாங்குபவர் வேறொரு மாநிலத்துக்காரர். அந்தக் காய் கடைசியில் கொதிக்கப்போவதோ டெல்லியின் தேநீரில் அல்லது ரியாத்தின் காப்பியில். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத பலர் ஒரே பொதுக் குவியலில் சரக்கைச் சேர்க்கிறார்கள். அதேபோல் முகம் தெரியாத பலர் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே தரத்துக்கு யார் பொறுப்பு? இன்று இதே கேள்வியை மென்பொருள் உலகம் தன் திறந்தமூல நிரல் களஞ்சியங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறது. யாரும் எழுதிப் போடலாம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்னும் அந்த ஏற்பாட்டுக்கு வயது முப்பதைச் சற்றே தாண்டியிருக்கிறது. ஏலமலையின் பொதுக் குவியலுக்கு வயது அதிகம், பட்ட அடிகளும் அதிகம். நுழைவாயிலில் குத்தும் முத்திரை ஒரு பொதுக் குவியலின் தரத்தைக் காப்பதில்லை என்பதே அந்த வரலாற்றிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு. எது யாருடைய சரக்கு என்ற அடையாளம் கலையாமல் இருக்க வேண்டும். வாங்கும் ஒவ்வொருவராலும் அதைப் பிரித்துப் பார்க்க முடிய வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தளர்ந்தபோதெல்லாம் குவியல் கெட்டிருக்கிறது.

காவலைப் பலப்படுத்தினால் போதும் என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அப்போது இந்த மலைகளை ஆண்ட திருவிதாங்கூரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலக்காய் அந்தச் சமஸ்தானத்தின் ஏகபோகச் சரக்கு. மலையில் பயிரிட்டவர்களில் பலர் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிப்போன தமிழ்க் குடியானவர்கள். விளைந்ததை அவர்கள் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும். சர்க்கார் தான் வகுத்த கணக்குப்படி காசு கொடுக்கும். பிறகு ஆலப்புழைப் பண்டகசாலையில் வைத்து விற்கும். பச்சை ஏலக்காயின் ஒரு தர வகைக்கு இன்றுவரை ஒட்டியிருக்கும் ‘ஆலப்பி கிரீன்’ என்ற பெயர் அந்தத் துறைமுகத்தின் மிச்சம். உலகத்தில் எந்தக் களஞ்சியத்துக்கும் இதைவிட இறுக்கமான வாசல் இருந்திருக்க முடியாது: ஒரே வாசல், ஒரே காவலர், ஒரே விற்பனையாளர். ஆனால் அந்தக் காவலின் கண் சரக்கின் தரத்தில் இருந்ததைவிடச் சரக்கு ஓடிப்போகாமல் பார்ப்பதில்தான் இருந்தது. கிழக்கே இறங்கினால் பிரிட்டிஷ் மதுரை ஜில்லா. அங்கே ரொக்கம் கொடுத்து வாங்க ஆளிருந்தார்கள். மலைப்பாதைகளில் காவல் போட வேண்டியிருந்தது. நல்ல காயைத் தனியே எடுத்து இரவோடு இரவாக இறக்கிவிட்டு, மீதியைச் சர்க்காருக்குக் கொடுக்கத் தோன்றாத குடியானவர் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். 1896இல் ஏகபோகம் கைவிடப்பட்டு நிலவரி முறை வந்தது.   

ஏகபோகம் போனதும் காய் இயல்பாகவே கிழக்கே இறங்கியது. 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்து சேர்ந்தபோது ஊரின் விதி ஏறக்குறைய முடிவாகிவிட்டது. இந்தக் கட்டத்தில் வாசலும் இல்லை, காவலும் இல்லை. வியாபாரி பயிருக்கு முன்பணம் கொடுப்பார், விளைந்ததை அவரே எடுத்துக்கொள்வார். கடன்பட்டவர் விலை கேட்க முடியாது என்பதோடு சங்கதி நிற்கவில்லை. கடன்பட்டவர் தரத்துக்குக் கூலி கேட்கவும் முடியாது. நன்றாகக் காயவைத்தாலும் அரைகுறையாகக் காயவைத்தாலும் கணக்கில் கழிவது ஒரே தொகை என்றால், விறகை மிச்சப்படுத்தத்தான் மனம் சொல்லும். வியாபாரியின் கிடங்கில் பல தோட்டத்துக் காய்கள் ஒன்றாகக் கலந்து, அங்கே சலிக்கப்பட்டு, அவர் பெயரில் வெளியே போயின. தரம் உண்டானது கிடங்கில். தரத்தின் லாபம் தங்கியதும் கிடங்கில்தான். திருவிதாங்கூர் செய்த தவறு எல்லாவற்றையும் தன் பெயரில் சேர்த்தது. தனிவியாபாரமும் சிறிய அளவில் அதையேதான் செய்தது.

ஏலக்காயின் தரம் எதனால் ஆகிறது என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனெனில் வாதத்தின் பாதி அதில் இருக்கிறது. காயைப் பழுக்கும் முன், உள்ளே விதை கறுத்த நிலையில் பறிக்க வேண்டும். ஒரே குலையில் காய்கள் ஒரே நேரத்தில் முற்றாது. ஆகவே ஒரு மாதம், ஒன்றரை மாத இடைவெளியில் திரும்பத் திரும்பப் பறிக்க வேண்டும். பறிக்கும் பெண்ணின் விரல் அவசரப்பட்டால் பிஞ்சு சேர்ந்துவிடும். பச்சைக் காயில் ஐந்தில் நான்கு பங்கு நீர்; பறித்த வேகத்தில் ‘ஸ்டோர்’ என்று அழைக்கப்படும் உலர்கூடத்துக்குப் போக வேண்டும். அங்கே மிதமான சூட்டில், 45 முதல் 55 டிகிரி செல்சியசுக்குள், ஒரு நாளுக்கு முன்பின்னாகக் காய்கிறது. சூடு கூடினால் தோல் வெடிக்கும், பச்சை பழுப்பாகும். குறைந்தால் பூசணம் பிடிக்கும். பச்சை நிறம் நிற்க, உலர்த்துவதற்கு முன் 2 சதவீத சலவைச் சோடாக் கரைசலில் 10 நிமிடம் நனைப்பதும் உண்டு. ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் காய் 1 கிலோவாகச் சுருங்கும். பிறகு கம்பி வலையில் தேய்த்துக் காம்பும் பூவின் எச்சமும் நீக்கி, சல்லடையில் அளவு வாரியாகப் பிரித்து, கடைசியில் பெண்கள் உட்கார்ந்து வெடித்தது, நிறம் வெளுத்தது, பூச்சி சொறிந்தது என்று கையால் பொறுக்குகிறார்கள். இத்தனை கைகளில் ஒன்று சறுக்கினாலும் காயில் தெரியும். இதற்கெல்லாம் எண் கொடுக்க முயன்றது அக்மார்க். 1937ஆம் ஆண்டின் வேளாண் விளைபொருள் தரப்படுத்தல் சட்டத்தின் கீழ் ஏலக்காய்க்கான விதிகள் 1962இல் வந்தன. ஆலப்பி கிரீன் வகையின் முதல்தரத்துக்கு 7 மில்லிமீட்டர் பருமனும் லிட்டருக்கு 435 கிராம் எடையும் வேண்டும். அடுத்த தரத்துக்கு 6 மில்லிமீட்டர், 415 கிராம். லிட்டர் எடை என்பது புத்திசாலித்தனமான அளவுகோல். காய் பார்க்கப் பெரிதாக இருந்து உள்ளே விதை பொக்காக இருந்தால் கண் ஏமாறும், தராசு ஏமாறாது.

இருந்தாலும் அக்மார்க் முத்திரை மூட்டைக்குத்தான், தோட்டத்துக்கு அல்ல. ஏற்றுமதியாகும் இடத்தில், அதாவது பயணத்தின் கடைசியில், பலருடைய காய் கலந்தாகிவிட்ட பிறகு அது விழுகிறது. விளைவித்தவருக்கு அந்த எண்ணிலிருந்து எந்தச் செய்தியும் திரும்பி வராது. திரும்பிப் போகும் வழியைத் திறந்தது ஏல மையம்தான். 1965இல் ஏலக்காய்ச் சட்டம், அடுத்த ஆண்டு கொச்சியில் ஏலக்காய் வாரியம், 1977இல் உரிமம் மற்றும் விற்பனை விதிகள். 1987இல் அந்த வாரியம் மசாலாப் பொருட்கள் வாரியத்துக்குள் கரைந்தது. ஏலம் நடத்துபவருக்கும் வாங்குபவருக்கும் உரிமம், அதுவும் மூன்றாண்டுத் தொகுதிகளாக. 1956இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்துவிட்டதால் விளையும் மலைக்கும் விற்கும் ஊருக்கும் நடுவே மாநில எல்லை ஓடியது. நடுவண் சட்டம் இல்லாமல் அந்த எல்லையைத் தாண்டி ஒரே விதியைச் செலுத்தியிருக்க முடியாது. 

ஏல மையத்தில் நடந்த மாற்றம் வெளிப்பார்வைக்குச் சிறிது. விவசாயி கொண்டுவரும் சரக்கு மற்றவர் சரக்கோடு கலக்காது. ஒரு லாட், அதற்கு ஒரு எண். அந்த லாட்டிலிருந்து எடுத்த மாதிரி சிறு பொட்டலமாக ஒவ்வொரு வியாபாரிக்கும் போகிறது. அவர் அதைத் தட்டில் கொட்டி, நிறம் பார்த்து, நசுக்கி, முகர்ந்து, பிறகு கேட்கிறார். பெரிய வியாபாரிக்கும் சிறிய வியாபாரிக்கும் ஒரே மாதிரி. முன்பு வாய்விட்டுக் கேட்ட விலையை 2007 முதல் பொத்தான் அழுத்திக் கேட்கிறார்கள். 2021இல் போடியையும் வண்டன்மேட்டுக்கு அருகிலுள்ள புற்றடியையும் இணைய வழியே சேர்த்து ஒரே நேரத்தில் நடத்தும் முறை தொடங்கியது. இந்த ஏற்பாட்டில் எந்தக் காயையும் உள்ளே விடாமல் தடுக்க ஆளில்லை. மட்டமான காயும் வரலாம். மட்டமான விலைக்குப் போகும். ஆனால் இன்ன லாட் இன்ன விலைக்குப் போனது என்பது அன்றைக்கே மலையேறிவிடும். அடுத்த பறிப்பில் விறகைக் கூட்டுவதா, பொறுக்கும் பெண்களுக்கு இன்னும் ஒரு நாள் கூலி கொடுப்பதா என்பதைத் தோட்டக்காரர் அந்த விலையைப் பார்த்து முடிவு செய்யலாம். முன்பணக் காலத்தில் கிடங்கோடு நின்றுபோன செய்தி இது.

வாசலில் தடுப்பது, வாசலைத் திறந்துவிட்டு அடையாளத்தைக் காப்பது என்ற இதே இரண்டு வழிகளை நிரல் களஞ்சியங்கள் தாங்களாகவே கண்டடைந்தன. 1995இல் தொடங்கிய, பெர்ல் மொழிக்கான சிபான் களஞ்சியத்தில் பதிவுபெற்ற யாரும் எதையும் ஏற்றலாம். முன்கூட்டியே படித்துப் பார்க்கும் காவலர் கிடையாது. ஏற்றியவர் பெயர் தொகுப்போடு ஒட்டியிருக்கும். 1998 முதல், ஏற்றப்பட்ட தொகுப்புகளைத் தன்னார்வலர்கள் பலவகைக் கணினிகளில் ஓட்டிப் பார்த்து, ஓடியதா விழுந்ததா என்று எல்லோரும் பார்க்கும்படி அறிவிக்கிறார்கள். ஆர் மொழிக்கான கிரான் களஞ்சியம் மாறாக வாசலிலேயே சோதித்து, சரியில்லை என்றால் திருப்பி அனுப்பும். கிரானின் கண்டிப்பை மெச்சுபவர்கள் உண்டு. அதன் பலனும் உண்மை. ஆனால் அதன் காவலர்கள் சொற்பப் பேர், வந்து குவியும் தொகுப்புகளோ ஆயிரக்கணக்கில். வாசலில் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் இயந்திரம் கேட்கக்கூடிய கேள்விகள். சல்லடையும் லிட்டர் படியும் கேட்கும் கேள்விகளைப் போன்றவை. நல்லெண்ணத்தோடு வரும் கவனக்குறைவை அவை பிடிக்கும். ஏமாற்ற வருபவருக்கு அளவு எத்தனை மில்லிமீட்டர் என்பது முன்கூட்டியே தெரியும்.

ஏமாற்ற வருபவரைச் சந்திக்கும் அனுபவம் போடிக்கு நிறமாக வந்தது. ஏலக்காயின் பச்சை வெளிச்சத்திலும் நாள்பட்ட இருப்பிலும் வெளிறும், விலையோ பச்சைக்குத்தான். செயற்கைச் சாயம் பூசுவது சட்டப்படி குற்றம், ஆனாலும் நடந்தது; அதிகாரிகளின் சோதனைகளும் பறிமுதல்களும் செய்தியாயின. எங்கே பூசினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அப்போதே பறித்துக் காயவைத்த காய்க்குச் சாயம் தேவையில்லை. தேவைப்படுவது கிடங்கில் கிடந்து வெளிறியதற்கு. அதாவது லாட் எண் கழன்றுவிட்ட பிறகு. இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது ‘ரீபூலிங்’. ஏலத்தில் எடுத்த காயையே வியாபாரி திரும்பவும் ஏலத்துக்குக் கொண்டுவந்து வைப்பது இது. வரத்து பெருகியதுபோல் தோன்றி விலை இறங்குகிறது என்பதே விவசாயிகள் பல ஆண்டுகளாக எழுப்பிவரும் புகார். விலையைவிடப் பெரிய சேதம் ஒன்று அதில் உண்டு என்பது என் கருத்து. பத்து லாட்டைக் கலந்து புது எண் வாங்கினால், அந்த எண்ணுக்குப் பின்னால் தோட்டமே இல்லை. ஏலம் பழைய கிடங்காகிவிடுகிறது. 2024 மார்ச்சில் உலகக் கணினிகளை உலுக்கிய எக்ஸ்இசட் விவகாரம் இதன் நேர் உடன்பிறப்பு. இரண்டாண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கை சம்பாதித்த ஒரு பெயர், பரவலாகப் பயன்படும் ஒரு சுருக்கு நிரலில் கள்ளக்கதவு வைத்தது. எல்லோரும் பார்க்கத் திறந்துகிடந்த மூல நிரலில் அந்தக் கதவைத் திறக்கும் வரிகள் இல்லை. விநியோகத்துக்குக் கட்டிய பொதியில் மட்டும் இருந்தன. தட்டில் கொட்டிய மாதிரி ஒன்று, மூட்டை வேறொன்று. அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர். கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் துருவியிருக்கிறார். எந்த வாசலிலும் அவர் காவல் நிற்கவில்லை. வாங்கியதைப் பிரித்துப் பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டுவதைத்தானே வியாபாரி பிரித்துப் பார்க்க முடியும்? எட்டாததை என்ன செய்வது? இந்த மறுப்பை ஏலக்காயைப் போல் உறைக்கச் சொல்லும் சரக்கு இல்லை. கட்டப்பனைப் பகுதி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தம் தோட்டத்தில் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ஞள்ளானி ரகம், எந்தக் காப்புரிமையும் இல்லாமல் பக்கக்கன்றுகளாக மலை முழுதும் பரவியது. ஆராய்ச்சி நிலையத்தின் முத்திரை இல்லாமல், அண்டைத் தோட்டத்துக்காரர் கண்ணால் பார்த்துத் தீர்மானித்த தரம் அது. எக்டேருக்குச் சில நூறு கிலோ என்றிருந்த விளைச்சலை அது பல மடங்காக்கியது. திறந்த பகிர்வின் வெற்றிக்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த மலையில் கிடையாது. ஆனால் பெரிய மகசூலுக்கு நிழலைக் கழித்தார்கள், உரத்தைக் கூட்டினார்கள், இலைப்பேனுக்கும் தண்டுத் துளைப்பானுக்கும் மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தார்கள். இந்தியாவில் மிகுதியாக மருந்து தெளிக்கப்படும் பயிர்களில் ஏலமும் ஒன்றாயிற்று. அந்த எச்சம் தட்டில் தெரியாது. 8 மில்லிமீட்டர் காய், கிளிப்பச்சை நிறம், நிறைந்த லிட்டர் எடை, உச்ச விலை, கூடவே மருந்து. 2018 வாக்கில் சவுதி அரேபியச் சந்தை எச்ச வரம்பைக் காட்டி மூடிக்கொண்டது. குவாத்தமாலாவின் காய் அங்கே ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் வரம்புக்கு மேல் மருந்து இருந்ததாகச் சோதனை சொல்ல, கேரள உயர் நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது, 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் முடங்கின. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதற்குள் பாயசத்தின் காலம் கடந்துவிட்டது.

ஆகவே வாசலில் ஆய்வுக்கூடம் வேண்டும், ஒவ்வொரு லாட்டையும் சோதித்த பிறகே ஏலத்தில் விட வேண்டும் என்கிறார்கள். மறுப்பின் முதல் பாதியை ஏற்கிறேன்: கண்ணுக்குத் தெரியாததைக் கருவி பார்க்கத்தான் வேண்டும். இரண்டாவது பாதியில் கணக்கு உதைக்கிறது. ஏலத்துக்கு வரும் லாட்டுகளில் பல, சில மூட்டைகளே உள்ளவை. எச்சப் பரிசோதனைக்கு ஆகும் செலவும் நாளும் நூறு மூட்டை லாட்டுக்கும் இரண்டு மூட்டை லாட்டுக்கும் ஒன்றே. எல்லோரையும் வாசலில் சோதித்தால் முதலில் வெளியேறுவது விஷம் தெளித்தவரல்ல, சிறியவர். அவர் எங்கே போவார் என்பதும் தெரிந்ததே: வாசலில்லாத இடத்துக்கு, முன்பணம் கொடுக்கும் கிடங்குக்கு. திருவிதாங்கூர் காவல் போட்டபோது காய் இரவில் இறங்கிய அதே பாதை. விலையே எல்லாவற்றையும் திருத்திவிடும் என்று எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்பவர்களுக்கும் பதில் உண்டு. விலை கண்ணுக்குத் தெரிந்ததையே திருத்தும். 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது, பெருவெள்ளத்துக்கும் வறட்சிக்கும் பிறகு காய் கிடைத்தால் போதும் என்றிருந்த சந்தையில், தெரிந்ததைக்கூட அது திருத்தியிருக்காது.

மிச்சமிருப்பது சிபான் வழி: வாசலைத் திறந்தே வைத்து, உள்ளே வந்ததைப் பிறகு சோதித்து, சோதனை முடிவை, சரக்கை வைத்தவர் பெயரோடு வெளியிடுவது. இதற்கு எல்லா லாட்டையும் சோதிக்கத் தேவையில்லை. எந்த லாட் சோதிக்கப்படும் என்று யாருக்கும் தெரியாமல் இருந்தால் போதும். ஆனால் சந்தேகம் எழும் நாளில் சோதிக்கச் சரக்கு கையில் இருக்க வேண்டும். இன்று வியாபாரி மூட்டையைப் பிரித்து மற்றவற்றோடு கொட்டும்போது லாட் எண்ணின் ஆயுள் முடிகிறது. ஆறு மாதம் கழித்து ஒரு டின்னில் மருந்து தெரிந்தால், போடியிலோ புற்றடியிலோ எந்த எண்ணைத் தேடுவது? சிபானின் பழங்கிடங்கில், எழுதியவரே நீக்கிவிட்ட தொகுப்புகூட அழியாமல் இருக்கிறது, என்றோ ஒருநாள் யாராவது திருப்பிப் பார்க்க. ஏலத்துக்கு எடுக்கும் மாதிரிக் காய் தங்களுக்குத் திரும்பி வருவதில்லை என்பது விவசாயிகளின் நெடுநாள் மனக்குறை. பொட்டலம் பொட்டலமாகப் போய்விடும் அந்தக் காய்க்குக் கணக்கில் விலையும் இல்லை. அதில் ஒரு கைப்பிடியை ஏலத்தன்றே முத்திரையிட்டு, லாட் எண்ணோடு, அடுத்த அறுவடை முடியும்வரை வாரியம் வைத்திருக்கலாம். காயை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. வேண்டியது ஓர் அலமாரியும் ஒரு பேரேடும்.